பிடி அரிசிப் பள்ளியில் படித்த முதலமைச்சர்



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவில் என்னைக் கேட்டார்கள். நான் அமைப்பியல் மூன்றாமாண்டு மாணவன். செங்கல் கணக்கு, கம்பிக் கணக்கு என்றால் உடனே போட்டுத் தந்துவிடுவேன், தலைவர் வரலாறு எழுதுகிற அளவுக்கு நமக்குத் தமிழ் வராதுங்க என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. கடைசியில் பெருந்தலைவர் காமராஜர் அவர்களை எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றி எழுதாத மலரே கிடையாது என்று நீங்கள் சிரிக்கலாம். நான் அவரை எடுத்ததற்குக் காரணம் ஓர் இரும்புக் கடை.

இந்த மலரில் நீங்கள் பார்க்கும் விளம்பரங்கள் எல்லாம் எங்கள் வசூல் குழு கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை. அச்சுக்கூலி போக மிஞ்சும் பணத்தோடு மாணவர்கள் கொடுக்கும் பணத்தையும் சேர்த்து, விடுதிக்குப் பின்னால் குடிநீர்த் தொட்டியும் குழாய் வரிசையும் அமைப்பது என்று பேரவை முடிவு செய்தது. கோடையில் குடம் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வசூல் குழுவில் என்னையும் போட்டார்கள். சொன்னால் வெட்கக்கேடு, முதல் நாள் நான் எந்தக் கடைக்குள்ளும் ஏறவில்லை. நோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். எங்கள் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கடைக்குப் போனால் கடன் கேட்கப் போவார்கள், இல்லாவிட்டால் புளி, கடுக்காய் போடப் போவார்கள். நன்கொடை கேட்டுப் போனவர்கள் என் வீட்டில் யாரும் கிடையாது.

இரண்டாம் நாள் அந்த இரும்புக் கடைக்குள் ஏறினோம். கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கல்லாவுக்கு மேலே காமராஜர் படம் மாட்டி, பூ வைத்திருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் பணம் இல்லை என்று சொல்லவில்லை. தொட்டி எத்தனை லிட்டர், குழாய் எத்தனை மீட்டர், மொத்தம் எவ்வளவு ஆகும், இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். எங்களுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அமைப்பியல் படிக்கிற பையன் நிற்கிறான், எஸ்டிமேட் இல்லாமல் காசு கேட்கிறான் என்று நினைத்திருப்பார். கணக்கு எழுதிக்கொண்டு வா தம்பி, தருகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து, மேடை, தொட்டி, குழாய், வால்வு, கூலி என்று பிரித்து ஒரு மதிப்பீடு போட்டேன். மூன்று வருடப் படிப்பில் உருப்படியாகப் போட்ட முதல் எஸ்டிமேட் அதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் கொண்டு போய்க் கொடுத்ததும் அண்ணாச்சி கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். வால்வுகள் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, அவர் படித்த பள்ளிக்கூடம் எப்படி நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். மீதியை நூலகத்திலும் வெளியிலும் தேடிப் படித்து எழுதுகிறேன்.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அன்றைய விருதுபட்டியில் பிறந்தார். அதுதான் இன்றைய விருதுநகர். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மையார். முதலில் வைத்த பெயர் காமாட்சி. ஆறு வயதில் தந்தை போய்விட்டார். அம்மையார் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தின் வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். பையன் திண்ணைப் பள்ளி முடித்துப் போய்ச் சேர்ந்த இடம் க்ஷத்திரிய வித்தியாசாலை.

இந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்து மக்களைப் பல கோயில்களுக்குள் விடவில்லை. வியாபாரத்தில் முன்னுக்கு வந்தும் மரியாதை வரவில்லை. கோயில் கதவு திறக்காவிட்டால் போகட்டும், பள்ளிக்கூடக் கதவை நாமே திறப்போம் என்று விருதுபட்டி வியாபாரிகள் 1889இல் இந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். பணத்துக்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று மகமை. கடையில் ஏறி இறங்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒவ்வொரு வியாபாரியும் பொது நிதிக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். அதற்கென்று வருபவர்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். அதை விற்ற காசு பள்ளிக்கு.

மூட்டைக்காரர் மூட்டைக்குத் தகுந்தபடி, கூலிக்காரி ஒரு பிடி. ஒரு பிடி அரிசியால் யார் வீட்டிலும் சோறு குறையாது. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது தன்னுடைய பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகாமல் தெருவில் நின்றால், என் அரிசி எதற்குப் போகிறது என்று கேட்க அவளுக்கு உரிமை வந்துவிடுகிறது. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது அவர் பாட்டி வீட்டுக் கலயத்தைப் பார்த்தது போலவே சொன்னார்.

அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளியிலும் காமராஜரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. சம்பளம் இல்லாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே படிப்பு நின்று, மாமா கருப்பையா அவர்களின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். என் அப்பா நின்றது ஐந்தாம் வகுப்பில். அதனால் இந்த இடம் எனக்குப் படிக்கும்போதே புரிந்துவிட்டது.

பிறகு நடந்தவை நமக்கெல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்தவை, வேகமாகத் தாண்டுகிறேன். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அந்தப் பதினாறு வயதுப் பையனைக் காங்கிரஸ் பக்கம் திருப்பியது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதல் சிறை. எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்பது ஆண்டு சிறையில் இருந்தார். பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில்தான் பிடித்தார், ஆங்கிலம் உட்பட. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1941இல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும், முழு நேரம் செலவழிக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாகாண முதலமைச்சர் ஆனார்.

அவர் பதவிக்கு வந்த நேரம் கல்வி விஷயம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அதற்கு முந்தைய ஆண்டு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் ஊரெல்லாம் எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. புதிய அமைச்சரவை முதல் வேலையாக அதை எடுத்துப் போட்டது. எடுத்துவிட்டால் போதுமா? பள்ளி இல்லாத ஊர்கள் ஏராளம். முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்குக்கூட நடக்கும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்று கணக்கெடுத்துத் திறக்கத் தொடங்கினார்கள். திறந்தால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? பசி. இங்கே ஆடு மேய்த்த பையன் கதை ஒன்று எல்லாரும் எழுதுவார்கள், அதனால் நான் விட்டுவிடுகிறேன்.

அவருக்குக் கல்வி இயக்குநராக வாய்த்தவர் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தைச் சேர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள். கிராமத்துப் பிள்ளை, பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். முதலமைச்சருக்கு என்ன வேண்டும் என்பது இவருக்குப் புரிந்தது, இவரால் என்ன முடியும் என்பது முதலமைச்சருக்குப் புரிந்தது. நாட்டில் நல்ல திட்டங்கள் காகிதத்தோடு நின்றுபோவது இந்த ஜோடி அமையாததால்தான் என்பது என் சொந்தக் கருத்து.

1956இல் பகல் உணவு தொடங்கியது. அரசிடம் பணம் கிடையாது. அதிகாரிகள் தயங்கினார்கள். எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்தாவது பிள்ளைகளுக்குச் சோறு போடுவேன் என்று காமராஜர் சொன்னதாகச் சொல்வார்கள். முதலமைச்சர் பதவியில் இருப்பவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நானோ வசூல் நோட்டோடு கடைக்கு வெளியே நின்றவன். பிடி அரிசியில் நடந்த பள்ளியில் உட்கார்ந்தவருக்குக் கேட்பது கேவலமாகத் தெரியவில்லை. தனக்குக் கேட்டால்தானே கேவலம்?

ஆரம்பத்தில் ஊரார் நன்கொடையில்தான் பகல் உணவு நடந்தது. வீட்டுக்கு வீடு தானியம், காய்கறி, விறகு என்று கொடுத்தார்கள். பிறகு அரசு செலவில் நூற்றுக்கு அறுபது ஏற்றுக்கொண்டது, மீதி நாற்பதை ஊர் தர வேண்டும். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. இந்த அறுபதுக்கு நாற்பது என்பதைக் கவனியுங்கள். முழுவதையும் அரசு தந்தால் ஊர் வேடிக்கை பார்க்கும். முழுவதையும் ஊர் தலையில் போட்டால் ஏழை ஊர் பட்டினி கிடக்கும்.

சோறு கிடைத்ததும் பிள்ளைகள் வந்தார்கள். வந்து எங்கே உட்காருவது? கூரை ஒழுகும் கொட்டகை, கரும்பலகை என்ற பெயரில் வெளுத்துப்போன பலகை, குடிக்கத் தண்ணீர் கிடையாது. அரசுப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடு. அப்போதுதான் வந்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. மாநாடு என்றதும் மைக், மாலை, பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். மேடையில் நடந்ததைவிட, மாநாட்டுக்கு முன்னால் பல வாரங்கள் நடந்ததுதான் விஷயம்.

முதலில் ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர்களும் கல்வித்துறை ஆய்வாளர்களும் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து அந்தந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் எழுதுவார்கள். கட்டடத்துக்கு இடம், கூடுதல் வகுப்பறை, ஓடு மாற்றுதல், வெள்ளையடித்தல், கிணறு, தண்ணீர்ப் பானை, பெஞ்சு, மேசை, கரும்பலகை, கடிகாரம், நிலப்படம், நூலகப் புத்தகம், பகல் உணவுக்குப் பாத்திரம், ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டு, சீருடை என்று பெரியதும் சிறியதுமாக எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே விலை மதிப்பு. நண்பர்களே, இது எஸ்டிமேட் அல்லாமல் வேறென்ன? அண்ணாச்சி என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

அடுத்து அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவார்கள். பள்ளிக்கு ஏதாவது கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை வேண்டும், இன்ன விலை, நீங்கள் வாங்கித் தருகிறீர்களா என்று கேட்டால் அந்த மனிதர் யோசித்துத்தான் ஆக வேண்டும். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார், மரம் உள்ளவர் மரம் கொடுத்தார். பணம் இல்லாதவர்கள் கல் சுமந்தார்கள், மண் அடித்தார்கள். பணமாக, பொருளாக, உழைப்பாக என்று எல்லாவற்றையும் நன்கொடையாகவே கணக்கில் எழுதினார்கள்.

பட்டியலில் ஒரு பகுதி நிறைவேறியதும் மாநாடு. கொடுத்த பொருள்களைப் பந்தலில் அடுக்கி வைப்பார்கள். முதலமைச்சரோ அமைச்சரோ வருவார்கள். காமராஜரே பல மாநாடுகளுக்குப் போனார். எந்த ஊர் என்ன செய்தது, இன்னும் என்ன பாக்கி என்பது அங்கே எல்லார் முன்னிலையிலும் தெரிந்துவிடும். பக்கத்து ஊர்க்காரன் கிணறு வெட்டிவிட்டான், நாம் ஒரு பானைகூட வைக்கவில்லையா என்ற ரோஷம் வரும். ரோஷத்தை அடிதடிக்குச் செலவழிக்கிற நம் ஊர்களில் அதைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அந்த மேடைகளில் காமராஜர் நீளமாகப் பேசுகிறவர் அல்லர். நாலு வார்த்தை, பேச்சு மொழியிலேயே. படிக்காத அப்பா அம்மாவுக்குப் புரிந்தால் போதும் என்ற கணக்கு.

அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வேலைகள் இப்படி நடந்தேறின. அந்தக் காலத்துக் கோடி என்பதை நினைவில் வையுங்கள்.

கல்விக்கு நன்கொடை என்பது காமராஜர் கண்டுபிடித்ததல்ல. பண்டித மதன்மோகன் மாளவியா காசியில் இந்துப் பல்கலைக்கழகம் கட்ட இந்தியா முழுவதும் சுற்றி ஒரு கோடி ரூபாய் இலக்கு வைத்துத் திரட்டினார். 1916இல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் பெரும் பங்கு மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் தந்தது. கள்ளக்குறிச்சி முன்பு எந்தத் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்ததோ, அதே மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள் கொடுத்த இருபது லட்சம் ரூபாயாலும் அவர் ஏற்கெனவே நடத்திவந்த கல்லூரிகளாலும் உருவானது. இரண்டும் பெரிய காரியங்கள். நான் அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் கல்வெட்டில் பானை கொடுத்தவள் பெயர் இருக்க வழியில்லை. விருதுபட்டிக் கலயத்தைத் தெரிந்த ஒருவர் கோட்டையில் உட்கார்ந்ததால்தான் பானைக்கும் பட்டியலில் ஒரு வரி கிடைத்தது.

இதுவரை எழுதியதைப் பாராட்டிவிட்டு முடித்திருந்தால் மலர்க்குழு சந்தோஷப்பட்டிருக்கும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை எழுதாமல் விட முடியவில்லை.

என் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே. விடுமுறைக்குப் போனபோது தாத்தாவிடம், அந்தக் காலத்தில் நம் மலையில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்ததா, ஊரார் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். தாத்தாவுக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடமே இல்லாதபோது எதைச் சீரமைப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் ஞாபகத்தில் இருந்ததெல்லாம் ஜாகீர்தான். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்தது என்று சொல்லிக்கொள்வார்கள். ஏருக்கு வரி, மண் கொத்தினால் கொத்து வரி, போதாததற்குக் கூலியில்லா வேலை. நாடு 1947இல் விடுதலை பெற்றது. எங்கள் மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டே காமராஜர் மறைந்துவிட்டார்.

கீழே சமவெளியில் ஊர் ஊராகப் பெஞ்சும் கடிகாரமும் அடுக்கி வைத்த அதே ஆண்டுகளில், மேலே என் தாத்தா கொத்து வரி கட்டிக்கொண்டிருந்தார். ஊர் கொடுத்தால்தான் பள்ளி என்ற ஏற்பாட்டில், கொடுக்க எதுவும் இல்லாத ஊர் என்ன செய்யும்? நிலமே தன்னுடையது இல்லை என்றால் எந்த நிலத்தைப் பள்ளிக்குத் தானம் செய்வது? ஆற்றுப் பாசனத்து ஊர் ஒரே வாரத்தில் பட்டியலை முடித்துவிடும், மேட்டுக்காட்டு ஊர் ஒரு வருடம் இழுக்கும். வசூலால் பள்ளி வளரும்போது இருப்பவன் பள்ளி இன்னும் நன்றாகிவிடும் என்ற ஆபத்து கூடவே வருகிறது. அறுபதுக்கு நாற்பது என்று வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எங்கள் மலைக்கு நாற்பதுக்கு வழியில்லை, அறுபதும் வரவில்லை. பிற்காலத்தில் வந்த அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில்தான் நான் எழுத்துக் கூட்டினேன். அது முழுக்க அரசுப் பணம். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இங்கே இருக்க மாட்டேன்.

ஆகவே எல்லாவற்றையும் நன்கொடையிலேயே செய்துகொள்ளுங்கள் என்று யாராவது காமராஜர் பெயரைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவரும் அப்படிச் செய்யவில்லை. ஆசிரியர் சம்பளத்தை ஊரிடம் கேட்கவில்லை. புதிய பள்ளிகளைத் திறந்தது அரசு. 1960களின் தொடக்கத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வகுப்புவரை கட்டணம் இல்லை என்று செய்ததும் அரசு. பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் பெருகியதும் அப்போதுதான். அரசு செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே, ஊரையும் கூப்பிட்டார்.

காமராஜர் ஒன்பது ஆண்டுக்கு மேல் முதலமைச்சராக இருந்து, 1963 அக்டோபர் 2ஆம் நாள் தாமாகவே பதவியை விட்டார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னதற்கே காமராஜ் திட்டம் என்று பெயர். 1964இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரியும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. தமக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று இருந்துவிட்டார். 1967 தேர்தலில் சொந்த ஊர் விருதுநகரிலேயே தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். மாணவர் கூட்டத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவரை ஒரு மாணவரை நிறுத்தியே தோற்கடித்தார்கள் என்பதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மறுபடி நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, சென்னை திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் காலமானார். அது வாடகை வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்து என்று எதுவும் சேர்க்கவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வந்தது.

இனி நம் தொட்டிக் கணக்கு. மாணவர் ஒருவருக்கு இருநூறு ரூபாய் என்று பேரவை முடிவு செய்தது எல்லாருக்கும் தெரியும். முடியாதவர்களுக்கு விலக்கு என்று ஒரு பட்டியலையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மலையிலிருந்து வந்த நாங்கள் ஏழு பேரும் அதில் இருந்தோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் என் பெயரைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்வது வேறு. நம்மைக் கேட்கவே இல்லை என்பது வேறு.

காமராஜர் காலத்துப் பட்டியலில் உழைப்பையும் கணக்கில் எழுதினார்கள் என்று படித்தது அப்போதுதான் உதவிக்கு வந்தது. நாங்கள் ஏழு பேரும் பேரவைச் செயலாளரைப் பார்த்து, விடுதிச் சுவரிலிருந்து தொட்டி மேடைவரை குழாய் பதிக்கும் பள்ளத்தை நாங்கள் வெட்டுகிறோம், அதை நன்கொடைக் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்டோம். அவர் முதலில் சிரித்தார், பிறகு சம்மதித்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் நாற்பத்தொரு மீட்டர். கடைசிப் பத்து மீட்டரில் பாறை. என் எஸ்டிமேட்டில் பாறை இல்லை, அது என் தப்பு. ஆள் கூலி விலைப்படி கணக்குப் போட்டு எழுதியிருக்கிறோம். மலரின் பின்பக்கத்து வரவு செலவில் பதினேழாவது வரியைப் பாருங்கள்.

என் அப்பா அப்போது குடகில் மிளகு பறிக்கப் போயிருந்தார். போனில் இதைச் சொன்னதும், பள்ளம் வெட்டியது நீ, நான் என்ன கொடுத்தேன் என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் மேஸ்திரி போனிலிருந்து நூறு ரூபாய் வந்தது. ரசீது போட்டு மலைக்கு எடுத்துப் போனேன். அவர் பெயரில் போட்டிருக்கிறதா, உன் பெயரிலா என்று கேட்டார். அவர் பெயரில்தான் போட்டிருந்தேன். எழுத்துக் கூட்டி ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் சேர்த்து வைத்தார்.

தொட்டி மேடைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. வால்வுகளை அண்ணாச்சி அனுப்பிவிட்டார். வரவில் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் துண்டு விழுகிறது. கொடுக்க நினைப்பவர்கள் நூலகத்துக்கு எதிரே உள்ள பேரவை அறையில், மாலை நான்கு மணிக்கு மேல், எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.